கடுக்காய் மண்டியில் கோல்ஃப்

கள்ளக்குறிச்சி,
புரட்டாசி, 1987

அன்பு மகள் மணிமொழிக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம்.

உன்னைப் பெண் கேட்டு எலவனாசூர்கோட்டையிலிருந்து வந்தவர்கள், உன் போட்டோவைப் பார்த்துவிட்டு உனக்கு இடுப்பு கோணல் என்று முடிவு செய்துவிட்டார்கள். அதைச் சரிசெய்துவிட்டேன்.

அம்மா கொடுக்கச் சொன்னது சேலத்தில் ஸ்டுடியோவில் எடுத்த படத்தை. நான் கொடுத்தது நம் மண்டியில் கல்லாவுக்கு மேல் மாட்டியிருக்கும் படத்தை. கோல்ஃப் மட்டையைப் பிடித்துக்கொண்டு பந்தை அடிக்க நிற்கிறாயே, அது. ஊட்டியில் விளையாட்டு டீச்சராக இருக்கிற என் மகள் போட்டிக்கும் பெயர் கொடுத்திருக்கிறாள் என்று காட்ட வேண்டாமா? பிள்ளையின் அம்மா கொளஞ்சியம்மாள் படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘இன்னாங்க இது, பொண்ணு பின்னால தள்ளிக்கினு நிக்குது, ஒரு தோளு எறங்கிக் கெடக்குது? இடுப்புல எதுனா கோளாறுங்களா?’ என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

வேறு நாளாக இருந்தால், சொல்லியனுப்புகிறோம் என்று பஸ் ஏறியிருப்பார்கள். இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடக்கிறதே, சாலை நெடுக மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். நம் வீட்டிலேயே தங்கும்படி ஆயிற்று. கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய், புளிச் சரக்கும் இறங்கவில்லை, எனக்கும் வேலை இல்லை. குறை சொல்லும் ஆள் கடையிலேயே உட்கார்ந்துவிட்டால் எனக்குப் பாதி வியாபாரம் முடிந்த மாதிரிதான்.

மண்டிக்குக் கூட்டிப்போய்க் கடுக்காய் ஒன்றைத் தரையில் வைத்தேன். புளி அடிக்கும் கழியைப் பிடித்து, நீ கடிதங்களில் எழுதியபடியே நின்று காட்டினேன். முதுகு வளையக்கூடாது, இடுப்பில்தான் மடிய வேண்டும். முழங்கால் இளகியிருக்க வேண்டும். பாரம் குதிகாலுக்குப் போகாமல் பாதத்தின் நடுவில் நிற்க வேண்டும். வலது கை கீழே பிடிப்பதால்தான் அந்தத் தோள் இறங்குகிறது. நிற்பது எனக்குப் புதிதில்லை; வெள்ளிமலையிலிருந்து மூட்டை சுமந்து இறங்கியவன் நான். ஆனால் வீசுவது புதிது. ஓங்கி வீசினேன். கடுக்காய் இருந்த இடத்திலேயே இருந்தது. நான் புளிக் குவியலில் உட்கார்ந்திருந்தேன். ‘பொண்ணு இடுப்பு நல்லாத்தான் இருக்குது போல, அப்பாவுதுதான் சரியில்ல’ என்று கொளஞ்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அடுத்துப் பிள்ளை சிவசங்கர் கழியை வாங்கினான். கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவன், நல்ல உடம்பு. பலத்தையெல்லாம் போட்டு வீசி, தூணைப் பிடித்துத்தான் நின்றான். நீயும் முதலில் வேகத்தை நம்பித் தடுமாறியதையும், இப்போது நிதானமாகச் சுழற்றி, பாரத்தை இடது காலுக்கு மாற்றி, பந்து விழும்வரை அசையாமல் நிற்பதையும் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி நின்றான். பொழுது சாய்வதற்குள் கடுக்காய் வாசலைத் தாண்டியது, ஆளும் தடுமாறாமல் நின்றான். ‘யம்மா, சும்மா நிக்கிறதுக்கே எனக்குத் தொடை நடுங்குது. அந்தப் பொண்ணு மேட்டுல காத்துல நின்னு அடிக்கிதுன்னா பாத்துக்க’ என்றான்.

ஆனால் கொளஞ்சியம்மாள் அடுத்த பேச்சை எடுத்தார். ‘கல்யாணத்துக்கு அப்பறம் இதெல்லாம் வேணாங்க, ஊரு ஒரு மாதிரி பேசும்.’ நான் பட்டென்று சொல்லிவிட்டேன்: படத்தில் அவள் நிற்கிற மாதிரி நிற்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும்; அதை விட்டுவிடச் சொல்லும் வீடு என் பெண்ணுக்கு வேண்டாம்; சாலை திறக்கும்வரை சாப்பிட்டுத் தூங்குங்கள், சம்பந்தப் பேச்சு வேண்டாம். அம்மா என் கையைக் கிள்ளினாள். அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை கொளஞ்சியம்மாளே அடுப்படிக்கு வந்து, ‘எம்புள்ளைக்கு வர்ற மாமனாரு இவ்ளோ ரோசக்காரருன்னா பொண்ணு எப்டி இருக்குமோ’ என்று அம்மாவிடம் சிரித்திருக்கிறார். அப்புறம் பேச்சில் அவரும் இறங்கி வந்தார்.

போட்டியில் தைரியமாக ஆடு, தாயே. நான் இதுவரை பார்த்ததெல்லாம் படம்தான். இந்த முறை நேரில் வந்து நிற்பேன்.

பேசி முடித்தது இவ்வளவு: உன் வேலையும் ஆட்டமும் நிற்காது. சிவசங்கர் நீலகிரிக்கு மாறுதல் கேட்பான். போட்டி முடிந்த பிறகே தேதி குறிப்பது. ஜெயித்தாலும் தோற்றாலும் பேச்சு மாறாது. நகை நாம் விரும்பிப் போடுவதுதான். இதெல்லாம் நீ சம்மதம் என்று எழுதினால்தான் செல்லும். வேண்டாம் என்றால் இரண்டு பக்கமும் மனத்தாங்கல் கிடையாது.

இப்படிக்கு
உன் அப்பா
ராஜாங்கம்