பான் வீட்டுக் கதை, பாதி வரை

என்னங்க,

வக்கீலிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அங்கே தடுப்புக் காவலில் போர்வை தருகிறார்களா? இங்கே காப்பெல் வீட்டில் நாங்கள் நலம். உங்களைப் பிடித்துப் போன நாளிலிருந்து, வாசல் மணி அடித்தால் மட்டும் நான் கதவைத் திறப்பதில்லை.

வெண்பா நேற்று படுக்கும்போது, பழைய சீனத்துப் பான் குடும்பக் கதையைக் கேட்டாள். அப்பா தொடங்கிய வரலாற்றை மகன் தொடர்ந்து எழுத, அவரைச் சிறையில் போட்டார்களே, அந்தக் கதை.

"அம்மா, ஹி கேம் ஹோம், ரைட்?"

"வந்துட்டாரும்மா. தம்பி ராஜாகிட்டப் பேசி வெளிய கொண்டுவந்தார்."

நீங்களும் எப்போதும் அங்கேதான் நிறுத்துவீர்கள். அவரை இரண்டாம் முறை பிடித்துப் போனதை நானும் சொல்லவில்லை.

காலையில் எழுந்து பார்த்தால், உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். உங்கள் புத்தகத்தில் நீங்கள் பாதியில் விட்டுப்போன அத்தியாயத்தை டைப் பண்ணுகிறாள்.

"அப்பா வர்றதுக்குள்ள நான் ஃபினிஷ் பண்ணிடறேன்மா."

லேப்டாப்பைப் பட்டென்று மூடினேன். பாவம், அழுதுவிட்டாள். கதையில் அந்த மகன் இரண்டாம் முறை சிறையிலேயே செத்த பிறகு அந்தப் புத்தகத்தை முடித்தவர் அவர் தங்கை என்பது வெண்பாவுக்குத் தெரியாது.

அந்த அத்தியாயம் அப்படியே கிடக்கட்டும். நீங்களே வந்து முடியுங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி