மாவுருண்டை தின்ற அத்தைக்கு

பத்து ஈத்தாம் தோட்டம்,
மந்தின்.
18-9-1960

அன்புள்ள பஞ்சாலை அத்தைக்கு, செல்லம்மாள் மகள் வள்ளிநாயகி வணக்கத்துடன் எழுதுவது.

மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே சௌகரியமாக இருக்கிறோம். சுங்கை பட்டாணியில் உங்கள் உடம்பு எப்படி, முழங்கால் வலி குறைந்ததா, தம்பி வீட்டில் எல்லோரும் சுகமா என்று அறிய ஆசை. இந்தக் கடிதத்தை உங்களுக்குப் படித்துக்காட்டப் போகிற உங்கள் தம்பி மனைவிக்கும் என் வணக்கம். அவர்கள் எங்கேயும் தாண்டிவிடாமல், நிறுத்தி நிறுத்திப் படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

தங்கராஜு அண்ணன் அலோர் ஸ்டார் போய்வந்த வழியில் உங்களைப் பார்த்து, தை மாதம் எனக்குக் கல்யாணம், நீங்கள் அவசியம் வரவேண்டும் என்று சொன்னாராம். நீங்கள் சொல்லி அனுப்பிய பதிலையும் அப்படியே வந்து சொன்னார். 'நான் அங்க வந்து நின்னா பழசெல்லாம் கிளம்பும். புள்ளைக்கு நல்ல நாளு. என் பேரு அங்க எப்படி இருக்கோ அப்படியே இருந்துட்டுப் போவட்டும்லா.' இதைக் கேட்டதும் அம்மா அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அத்தை, நீங்கள் தோட்டத்துக் கேட்டில் சோதனைக்காரியாக நின்ற காலத்தில் எனக்குப் பதினொரு வயது. அப்போது ஞாயிற்றுக்கிழமைக்காகவே மற்ற ஆறு நாளும் உயிரோடு இருந்தேன் என்று சொன்னால் பொய்யில்லை. மந்தின் கொட்டகையில் மத்தியான வயாங் படம். பன்னிரண்டு மணிக்குத் தங்கராஜு அண்ணன் லாரி கிளம்பும். அதற்கு முன்னால் கம்பிவேலிக் கேட்டில் ஆம்பளைகள் ஒரு வரிசை, பொம்பளைகள் பிள்ளைகள் ஒரு வரிசை. ஆம்பளைகளைப் போலீஸ் சார்ஜன் தடவிப் பார்ப்பார். எங்களை நீங்கள் தடவுவீர்கள். காட்டில் ஒளிந்து சர்க்காரோடு சண்டை போடுகிற கம்யூனிஸ்டுக் காட்டுக்காரனுக்குச் சோறு போய்விடக்கூடாதாம். அதனால் ஒரு பிடி அரிசிகூட வேலியைத் தாண்டக்கூடாது. பிடிபட்டால் வருஷக்கணக்கில் ஜெயில்.

அந்தக் கொட்டகையை நீங்கள் உள்ளே போய்ப் பார்த்ததேயில்லை. தகரக் கூரை. மழை வந்தால் நாயகன் பேசுவது ஒன்றும் கேட்காது. பின்வரிசை ஆம்பளைகள் அவனுக்குப் பதிலாகத் தாங்களே பேசுவார்கள், அது சினிமாவைவிட நன்றாக இருக்கும். முன்பெஞ்சு முழுக்க மூட்டைப்பூச்சி. முதலில் சர்க்கார் படம் ஓடும். காட்டிலிருந்து சரணடைந்தவன் வெள்ளைச் சட்டை போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பான். அப்புறம்தான் நம் படம். ஆறு மணி ஊரடங்குக்காக லாரி நாலரைக்கே கிளம்பிவிடும். அதனால் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் ஒருவரும் ஒரு படத்தையும் முடிவுவரை பார்த்ததில்லை. எத்தனையோ வில்லன்கள் எங்களிடமிருந்து தப்பித்துப் போயிருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது நீங்கள் வெயிலில் கறுத்துப்போய் அங்கேயே நிற்பீர்கள். மறுபடியும் சோதனை. என் ஜடையைத் தடவிக்கொண்டே இன்றைக்கு என்ன கதை என்று மெதுவாகக் கேட்பீர்கள். நானும் அரைக் கதை சொல்லுவேன். மீதி என்ன என்று கேட்பீர்கள். தெரியாது என்பேன். உங்களுக்கும் சிரிப்பு வரும்.

அன்றைக்கு உருண்டையை ஏன் கட்டிவிட்டாள் என்பதை அம்மாவே இப்போது என்னிடம் சொல்லிவிட்டாள். அதற்கு முந்திய வாரம் நான் கொட்டகையில் பசியில் மயங்கி விழுந்திருந்தேன். அப்பா இல்லாத பிள்ளை, இருப்பது ஒன்றே ஒன்று. அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இரண்டு அரிசி மாவுருண்டையைத் துணியில் முடிந்து, என் பாவாடைக்கு உள்பக்கம் கட்டிவிட்டாள். யாரிடமும் மூச்சு விடாதே என்றாள். எனக்கு அது திருட்டாகவே தோன்றவில்லை. என் உருண்டை, என் வயிறு, அவ்வளவுதான்.

உங்கள் கை அந்த முடிச்சில் பட்டதும் நின்றது. சார்ஜன் மூன்றடி தூரத்தில் யாருடைய அடையாளக் கார்டையோ பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் குனிந்தீர்கள், முடிச்சை அவிழ்த்தீர்கள், இரண்டு உருண்டையையும் ஒன்றாக வாயில் திணித்துக்கொண்டீர்கள். நான் வாயைத் திறக்குமுன் தொடையில் ஒரு கிள்ளு. நான் அலறினேன். சார்ஜன் திரும்பி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இரண்டு கன்னமும் உப்பியபடி, கண்ணில் தண்ணீர் முட்ட, நீங்கள் இல்லையென்று தலையாட்டினீர்கள். கன்னத்தில் வெற்றிலை என்று நினைத்தாரோ என்னவோ, எங்களைப் போகச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு என்ன படம் என்று எனக்கு இன்றுவரை ஞாபகமில்லை. பசியும் ஆத்திரமும்தான் ஞாபகம். திரும்பும்போது லாரியில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உங்களுக்கு ஒரு பெயர் வைத்தேன். 'உருண்டைத் திருடி.' நான் வைத்த பெயர்தான் அத்தை, வேறு யாரும் வைக்கவில்லை. மறுநாள் லயத்து வீடுகள் முழுக்க அதே பெயர். நீங்கள் குழாயடிக்கு வந்தால் பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். கோயிலில் கூழ் ஊற்றும்போது உங்கள் பாத்திரத்தைக் கடைசிக்குத் தள்ளினார்கள். நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கதை கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டு வருஷம் பொறுத்தீர்கள். பிறகு ஒரு நாள் டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறிவிட்டீர்கள்.

அவசரகாலம் முடிந்து, போன மாதம் நம் தோட்டத்துக் கம்பிவேலியைப் பிரித்தார்கள். எல்லோரும் வேடிக்கை பார்த்துச் சிரித்தோம், அம்மா மட்டும் அழுதாள். ஏன் என்று நச்சரித்தேன். அன்றைக்குத்தான் சொன்னாள். உருண்டை தின்றதற்கு மறுநாள் காலை குழாயடியில், உண்மையை எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்று அவள் உங்கள் கையைப் பிடித்தாளாம். நீங்கள் சொன்னதை எட்டு வருஷம் கழித்தும் ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள்:

'திருடின்னு சொன்னா பேரு மட்டும்தான் போவும். பிடிச்சும் விட்டுட்டேன்னு சார்ஜனுக்குத் தெரிஞ்சா நீயும் உள்ள, நானும் உள்ள. அந்தப் புள்ளைய யாரு பாப்பா? வாய மூடிக்கிட்டு இரு.'

எனக்கு அம்மாமேல் கோபம் வந்தது. சர்க்காருக்குப் பயந்தது சரி, என்னையாவது ஒரு அறை அறைந்து அந்தப் பெயரைச் சொல்லாதே என்றிருக்கலாமே. அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு என்மேலேயே கோபம் வந்தது. அவள் ஜெயிலுக்குப் போயிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று யோசித்தேன். இன்றைக்கு ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போகப்போகிறேன் என்றால், அது நீங்கள் விழுங்கிய இரண்டு உருண்டையால்தான்.

உங்கள் பதில் வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லோரும் விபூதி வாங்கியபின் நான் எழுந்து நின்றேன். அம்மாவும் பக்கத்தில் வந்து நின்றாள். ஒன்று விடாமல் சொன்னேன். பெயர் வைத்தது நான் என்பதையும் சொன்னேன். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கோபித்துக்கொண்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

அப்போது மாரியம்மா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்ம ஆரம்பித்தாள். உங்களை எல்லாரையும்விடச் சத்தமாகத் திட்டியவள் அவள்தானே. காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது ஒரு நாள் இடுப்பில் வைத்திருந்த கருவாட்டை நீங்கள் அப்படியே வாயில் போட்டுக்கொண்டீர்களாம். அவள் முடிப்பதற்குள் இன்னொருத்தி எழுந்தாள். அவளிடம் அவல். அப்புறம் இன்னொருத்தி. எண்ணிப் பார்த்தால் அம்மாவோடு சேர்த்து ஏழு பேர். ஒவ்வொருத்தியும் தன்னிடம் மட்டும்தான் அப்படிச் செய்தீர்கள் என்று நினைத்து, தான் பிடிபடாமலிருக்க மற்றவர்களோடு சேர்ந்து உங்களைத் திருடி என்றிருக்கிறாள்.

கடைசியாக எழுந்தது கடைசி லயத்துக் குப்பம்மா சின்னம்மா. அவளுடைய தம்பி அப்போது காட்டில் இருந்தான், உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவளிடம் இருந்தது ஒரு பிடி பச்சரிசி. யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. சார்ஜன் பார்க்குமுன் நீங்கள் அதையும் வாயில் கொட்டிக்கொண்டு, தண்ணீர்கூட இல்லாமல் மென்றீர்களாம். இதைச் சொல்லிவிட்டு அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உங்கள் பெயர் அப்படியே இருக்கட்டும் என்றீர்கள். அது இப்போது இல்லை அத்தை. போய்விட்டது. பிள்ளைகள்கூடச் சொல்வதில்லை.

கல்யாணம் தை பத்து, நம் கோயிலிலேயே. மாப்பிள்ளை ரஹாங் ஊர்க்காரர், பெயரை எழுதக் கூச்சமாக இருக்கிறது, பத்திரிகையில் பார்த்துக்கொள்ளுங்கள். பஞ்சாலை அண்ணி வந்து உட்காரும்வரை தாலி கட்ட விடமாட்டேன் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு இந்தச் சங்கதி இன்னும் தெரியாது. சிரம்பான் ஸ்டேஷனுக்குத் தங்கராஜு அண்ணன் வந்து நிற்பார்.

எங்களை மன்னிக்கவேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை. ஒன்றுமட்டும் கேட்கிறேன். முதல் பந்தியில் நடு இலை உங்களுக்கு. ஏழு பேரும் நின்று பரிமாறுவார்கள். எல்லோரும் பார்க்க உட்கார்ந்து, ஒருவரும் அவசரப்படுத்தாமல், மெதுவாக மென்று சாப்பிடுங்கள் அத்தை.

உங்கள் மகள்,
வள்ளிநாயகி