பேன்ட் பிடிக்க வந்தவர் சொன்ன செய்தி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், படியேறும்போது மட்டும் அம்மாவின் முழங்கால் முனகுகிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். போனில் கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா" என்று முடித்துவிடுகிறாய், அதனால் உன் செய்தியை ஊரார் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது.

நீ வேலைக்குப் போன பிறகு தெருக்கோடியில் பெயின்ட் கடை போட்டவர், நேற்று கை நிறைய பேன்ட்டோடு நம் தையல் கடைக்கு வந்தார். "இடுப்பைப் பிடிச்சுக் குடுங்க டெய்லர், நடந்தா நழுவுது" என்றார். ஆள் பாதியாகியிருந்தார். கணையத்தில் கட்டி, வெளியூரில் ஆபரேஷன் என்று மட்டும் காதில் விழுந்திருந்தது. சட்டையைத் தூக்கிக் காட்டினார், வயிற்றில் பொத்தான் அளவுக்குச் சின்னச் சின்னத் தழும்புகள், அவ்வளவுதான். அதைப் பார்த்துத்தான் ஏமாந்தாராம். "வெளியில காயமே இல்லையே, எழுந்து வீட்டுக்குப் போயிடலாம்னு நினைச்சேன். அங்க ஒரு நர்ஸம்மா, சரியான போலீஸ்காரி. மறுநாளே எழுப்பி நடக்க விட்டுருச்சு. ஒரு குழாயைக் குடுத்து, மூச்சை இழுத்து அதுக்குள்ள இருக்கிற பந்தைத் தூக்குன்னு உயிரை வாங்குச்சு. வயித்துல இருந்த டியூபைத் தொட்டாலே முறைக்கும்" என்று புலம்பித் தீர்த்தார். நான் சிரித்துக்கொண்டே குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நாளில் டியூபில் வந்த நீர் கலங்கியிருந்ததாம், நாடியும் கொஞ்சம் வேகமாம். காய்ச்சல்கூட இல்லை, ஆனாலும் அந்த நர்ஸ் விடவில்லை. இவர் பையைக் கட்டிக்கொண்டு சண்டைக்கே போயிருக்கிறார். "அத்தனை பேர் முன்னாடி திட்டிட்டேன். முகம் சுருங்கிப்போச்சு, ஆனா நகரலை. 'நாளைக்கும் என்னைத் திட்டுறதுக்காவது நீங்க நல்லா இருக்கணும்ல சார்'னு சொல்லிட்டு நேரா பெரிய டாக்டருக்கே போன் போட்டுருச்சு" என்றார். ஸ்கேன் எடுத்தால், வெட்டித் தைத்த இடத்தில் கணைய நீர் கசிந்து உள்ளே தேங்கத் தொடங்கியிருந்ததாம். இன்னொரு மெல்லிய டியூப் வைத்து அதை வடித்து, மருந்து கொடுத்துச் சரிசெய்துவிட்டார்கள். வீட்டுக்குப் போய்ச் சீழ் பிடித்திருந்தாலோ, ரத்தக்குழாயை அரித்திருந்தாலோ உயிருக்கே உத்தரவாதம் இல்லை என்றாராம் டாக்டர்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது அந்த நர்ஸோடு எடுத்த போட்டோ என்று போனை நீட்டினார். பார்த்தால் நீ. வாயில் குண்டூசி இருந்ததால் தப்பித்தேன், இல்லையென்றால் கத்தியிருப்பேன். ஒன்றும் தெரியாதவன் போல எல்லாவற்றையும் இன்னொரு முறை முதலிலிருந்து சொல்லவைத்துக் கேட்டேன். அதற்குள் பக்கத்தில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்து "அட, நம்ம பாப்பா" என்று போட்டு உடைத்துவிட்டாள். மனிதர் பாதி ஊசி குத்திய பேன்ட்டோடு நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "திட்டினதை மனசுல வெச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்கம்மா" என்றார் அம்மாவிடம். "அவ அப்பாகிட்ட வாங்காத திட்டா, அதெல்லாம் வெச்சுக்க மாட்டா" என்றாள் அம்மா.

ஏன்மா, இதை எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உன் முகம் சுருங்கியதை நினைத்தால் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நகராமல் நின்றாயே, இத்தனை வருஷம் மிஷின் மிதித்ததற்கு இது போதும் எனக்கு. அவர் பேன்ட்டுகளை இடுப்பு பிடித்து முடித்துவிட்டேன். மிச்சத் துணியை வெட்டவில்லை, உள்ளேயே மடித்துத் தைத்திருக்கிறேன், பழைய தொப்பை திரும்பி வந்ததும் பிரித்துக்கொள்ளட்டும்.

ஊரையே நடக்க வைக்கிற நீ கொஞ்சம் உட்காரவும் செய், நின்றே வேலை பார்த்தால் கால் வீங்கும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ண மறக்காதே, அம்மா காத்திருப்பாள். நீண்ட ஆயுளும் நிறைந்த மனசுமாக நீ நன்றாக இருக்க வேண்டும்.

இன்று தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்த
உன் அப்பா