சகலைக்கும் எனக்கும் நடுவே ஒரு டீசல் எஞ்சின்

சகலைக்கு,

நேற்று கொழிஞ்சாம்பாறை கல்யாண மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. பின்பக்கம் ஜெனரேட்டரை முடுக்கினார்கள். முதலில் வெள்ளைப் புகை, அப்புறம் கறுப்பு, கூடவே பாதி எரிந்த டீசலின் வாடை. பக்கத்து இலைக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் கையில் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு மூச்சை நன்றாக இழுத்தேன். எதிர்வரிசையிலிருந்து ருக்மணி என்னைப் பார்த்தாள். நான் யாரை நினைத்தேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் போனபிறகு நம் சொந்தத்தில் வந்த முதல் கல்யாணம் அது.

நமக்குள் தொடக்கம் நன்றாக இல்லை. உங்கள் கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த நீங்கள், பந்தலோரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "ஏப்பா, ஒரு சொம்பு தண்ணி கொண்டா" என்றீர்கள். நான் அந்த வீட்டின் மூத்த மருமகன். ருக்மணியைக் கட்டியவன். யாரோ உங்கள் காதில் அதைச் சொன்னார்கள். நீங்கள் சங்கடப்பட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். வாய்விட்டுச் சிரித்தீர்கள். நான் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அன்று அந்த வீட்டில் சாப்பிடாமலேயே ஊர் திரும்பினேன்.

அதற்கப்புறம் நாம் பேசிக்கொள்ளவில்லை. வயதில் நீங்கள் மூத்தவர், முறையில் நான் மூத்தவன். யார் முதலில் கும்பிடுவது என்பதே பெரிய வழக்காக இருந்தது. மாமனார் ஊர் நோம்பித் திருவிழாவுக்கு நீங்கள் வருவதாகத் தெரிந்தால் எனக்கு அன்று தோட்டத்தில் ஏதாவது வேலை வந்துவிடும். நான் வருவதாகத் தெரிந்தால் உங்களுக்கு வேலந்தாவளத்தில் வேலை. நாம் இரண்டு பேரும் இப்படி விலகி நின்றதில், அக்காளும் தங்கச்சியும் ஒருத்தியை ஒருத்தி பார்க்காமலே வருஷம் ஓடியது.

மாமனாருக்கு ஆண்பிள்ளை இல்லை. மருமகன்களைவிட அவர் நம்பியது அந்தப் பழைய பிக்கப் வண்டியைத்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வந்த அமெரிக்க வண்டி. எஸ்டேட் ஒன்றில் ஓய்ந்து கிடந்ததை வாங்கிவந்து, தக்காளியும் கத்தரியும் ஏற்றி கோயமுத்தூர் மார்க்கெட்டுக்குத் தானே ஓட்டிப்போவார். எழுபதுகளின் நடுவில் பெட்ரோல் விலை ஏறியபோது, தக்காளி விற்ற காசு வண்டிக்கே போதவில்லை. வண்டி கொட்டகையில் நின்றது. அந்த வருஷமே அவருக்கு வாதம் வந்து இடதுபக்கம் விழுந்துவிட்டது. காட்டில் தக்காளி பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தது. அந்த மண்பாதைக்குள் வர எந்த லாரிக்காரனும் ஒப்பவில்லை.

அப்போதுதான் நம் இருவரையும் ஒரே நாளில் வரச்சொன்னார். கட்டிலுக்கு அந்தப்பக்கம் நீங்கள், இந்தப்பக்கம் நான். குழறிய நாக்கோடு சொன்னார்: "ரெண்டு மாப்பளைகளும் சேந்து ஓட்டறதுன்னா வெச்சுக்கங்க. இல்லீன்னா நாளைக்கே இரும்புக்காரனுக்குப் போட்டுருவேன்."

நீங்கள் உடனே, "டீசல் எஞ்சின் மாத்துனா ஓடுமுங்க மாமா" என்றீர்கள்.

"அது ஆவாதுங்க" என்றேன் நான். உங்களைப் பார்த்தல்ல, மாமனாரைப் பார்த்து. "டீசல் எஞ்சின் கனம் சாஸ்திங்க. முன்னால இருக்கற ஸ்பிரிங் பட்டை தாங்காது. கியர் பாக்ஸோட சேராது."

"ஆவாதுங்கறத மாட்டிப் பாத்துட்டுச் சொல்லலாமுங்களே" என்றீர்கள் நீங்களும் அவரைப் பார்த்தே. இரண்டு வருஷத்துக்குப் பிறகு நமக்குள் நடந்த முதல் பேச்சு அது, நடுவில் ஒரு நோயாளியை வைத்து.

கோயமுத்தூர் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் இரண்டு நாள் அலைந்து, விபத்தில் நொறுங்கிய வேன் ஒன்றின் நாலு சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பிடித்துவந்தோம். வொர்க்ஷாப்பில் விட்டால் எப்போது திரும்பி வருமென்று சொல்ல முடியாது, தக்காளி காத்திருக்காது. மாமனார் வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம் என்றீர்கள். ருக்மணியும் உங்கள் சரசுவும் அங்கேயே வந்து தங்கினார்கள். நான் சிலகாலம் கோயமுத்தூர் மில் ஒன்றின் பட்டறையில் இருந்தவன். நீங்கள் தோட்டத்து ஆயில் எஞ்சினையும் உங்கள் மோட்டார் சைக்கிளையும் பத்துத் தடவை பிரித்து மாட்டியவர். இரண்டு பேருக்கும் பாதிப் பாதி தெரியும். எந்தப் பாதி யாருக்கு என்பதில்தான் தகராறு.

கிணற்றில் மோட்டார் இறக்குகிறவர்களிடம் மூன்று கால் கம்பமும் செயின் புல்லியும் இரவல் வாங்கினோம். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து கம்பத்தை ஆட்டியது. தொங்கிய பழைய எஞ்சினை நீங்கள் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, "மெதுவாங்க, மெதுவாங்க" என்று கத்தியது இப்போதும் கேட்கிறது. புதியது பழையதைவிட ஒரு சாண் நீளம். ரேடியேட்டரை முன்னுக்குத் தள்ள வேண்டியிருந்தது. பானெட் அதற்கப்புறம் ஒருநாளும் முழுசாக மூடவில்லை, கடைசிவரை கயிறுதான் போட்டுக் கட்டினோம். நீங்கள் எதையும் சாண் வைத்தும் விரல் வைத்தும் அளப்பீர்கள். நான் டேப்பை எடுப்பேன். நான் டேப்பை எடுக்கும்போதெல்லாம் நீங்கள் பீடி பற்றவைக்கப் போய்விடுவீர்கள்.

எஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்க்க நடுவில் ஒரு கனத்த இரும்பு பிளேட் வேண்டும். அதில் இரண்டுக்குமான துளைகள் இருக்க வேண்டும். நான்தான் அட்டையில் அளவெடுத்து வரைந்தேன். கோயமுத்தூர் லேத் பட்டறையில் அச்சாக அதேபோல் அறுத்துக் கொடுத்தார்கள். வைத்துப் பார்த்தால் எஞ்சின் பக்கம் ஒரு துளைகூடச் சேரவில்லை. நான் எஞ்சின் பக்கமிருந்து பார்த்து வரைந்ததைத் திருப்பிப் போடாமலே கொடுத்திருந்தேன். எஞ்சின் துளைகள் மட்டும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாக வந்திருந்தன; பிளேட்டைத் திருப்பினால் கியர் பாக்ஸ் துளைகள் சேராது.

பிளேட்டை மடியில் வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தேன். உங்கள் சிரிப்புக்காகக் காத்திருந்தேன். கல்யாணப் பந்தலில் கேட்ட அதே சிரிப்பு.

நீங்கள் சிரிக்கவில்லை. பக்கத்தில் குந்திக்கொண்டு, "நானா இருந்தாலும் இப்படித்தானுங்க வரஞ்சிருப்பேன்" என்றீர்கள்.

பொய். நீங்கள் வரைந்திருக்கவே மாட்டீர்கள். அந்தக் கனத்தை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு மறுபடியும் கோயமுத்தூர் கிளம்பினீர்கள். வேறு பிளேட்டோடு பொழுது சாயும்போது வந்தீர்கள். மாமனார் கேட்டதற்கு, "லேத்துக்காரன் தப்பாப் போட்டுட்டானுங்க" என்று சொன்னீர்கள். அன்றைக்கு இரவுச் சோற்றுக்கு உங்கள் பக்கத்துத் தடுக்கில் போய் உட்கார்ந்தேன். அவ்வளவுதான்.

எல்லாம் கூடிவந்த நேரத்தில் கிளட்ச் பேரிங்கைக் காணோம். வளையல் அளவில் ஒரு இரும்பு வளையம். அது இல்லாமல் கியர் பாக்ஸை மூட முடியாது. வாசல் முழுவதும் தேடினோம். வைக்கோலைப் பிரித்தோம். மாட்டுத்தொட்டியில் கைவிட்டோம். கடைசியில் நீங்கள், "டேப்பு வெச்சு அளந்தீங்களே, எங்க வெச்சீங்கன்னு அளந்து வெக்கலீங்களா?" என்றீர்கள். நான், "பீடிக்குப் போறவங்க கைல சாமானக் குடுத்தா இப்படித்தான்" என்றேன். அங்கிருந்து பேச்சு தடித்தது. தண்ணீர்ச் சொம்புவரை போனது. "அந்த ஒரு சொம்பத்தான் இன்னும் குடிச்சிட்டிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு நீங்கள் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பிவிட்டீர்கள். சரசு வாசற்படியில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

மறுநாள் காலையில் வைக்கோல் போருக்கு அடியில் பேரிங் கிடைத்ததென்று ருக்மணி கொண்டுவந்து கொடுத்தாள். நான் ஆள் அனுப்பவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நானே பஸ் ஏறி வேலந்தாவளம் வந்தேன். நீங்கள் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். பேரிங்கை நீட்டினேன். வாய் கொப்புளித்துவிட்டு, "காப்பி குடிச்சுட்டுப் போலாமுங்க" என்றீர்கள்.

இப்போது உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்த மடலே. அது வைக்கோல் போரில் கிடக்கவில்லை. சரசுவும் ருக்மணியும் சேர்ந்து அதைத் துணியில் சுற்றிப் புளிப்பானைக்குள் ஒளித்துவைத்திருந்தார்கள். உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம் சரசுவே சொன்னாள். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் சொன்னாள். "வண்டி ஓடிருச்சுன்னா நீங்க அக்காளக் கூட்டிட்டுப் போயிருவீங்க, இவரு என்னையக் கூட்டிட்டுப் போயிருவாரு. மாரியம்மன் நோம்பி வரைக்குமாவது ஒண்ணா இருக்கலாமுன்னுதானுங்க மாமா. இவரு கோவிச்சுட்டுப் போனதும் எங்களுக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு." ஐம்பது வருஷம் உங்களுக்குத் தெரியாமலே வைத்திருந்திருக்கிறாள். ருக்மணி என்னிடமும் மூச்சு விடவில்லை. அப்புறம் அந்தப் புளி தீரும்வரை ரசம் ஒரு மாதிரி இருக்கிறதென்று நீங்கள்தான் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். உங்கள் நாக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது.

எஞ்சினை முதலில் உயிர்ப்பித்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். டீசல் குழாயில் இருந்த காற்றை எல்லாம் எடுத்துவிட்டு, நீங்கள் உள்ளே ஏறி ஸ்டார்ட்டரை அழுத்தினீர்கள். இருமியது, புகைந்தது, பிடித்துக்கொண்டது. மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குள் சத்தம் ஏற ஆரம்பித்தது. பம்பில் ஏதோ சிக்கிக்கொண்டு எஞ்சின் தானாகவே வேகமெடுத்தது. பெட்ரோல் வண்டி என்றால் சாவியைத் திருப்பினால் நின்றுவிடும். டீசலை நிறுத்தத் தனியாக ஒரு கம்பி வேண்டும். அதை மாட்டுவது நாளைக்கு என்று நாம் இருவரும் ஒருமனதாக விட்டிருந்தோம்.

வண்டியே நடுங்கியது. வாசல் முழுக்கக் கறுப்புப் புகை. எஞ்சின் வெடித்துச் சிதறப் போகிறது என்று நினைத்தேன். நீங்கள் இன்னும் உள்ளே எதையோ மிதித்துக்கொண்டிருந்தீர்கள்.

"டேய், எறங்குடா! செத்துப் போயிருவேடா!" என்று கத்தினேன்.

நீங்கள் குதித்தீர்கள். ஆனால் ஓடவில்லை. மாட்டுத்தொட்டியில் ஊறிக்கிடந்த சாக்கை அள்ளிவந்து, எஞ்சின் காற்று இழுக்கும் வாயில் திணித்து, இரண்டு கையாலும் அழுத்தினீர்கள். நானும் வந்து உங்கள் கைமேல் கைவைத்து அழுத்தினேன். இரண்டு முறை திமிறிவிட்டு எஞ்சின் நின்றது.

காதுக்குள் ரீங்காரம் மட்டும். புகை மெல்ல விலகியது. உங்கள் முகத்தில் கண்ணும் பல்லும்தான் வெள்ளை.

"என்னையவா டேய்னு சொன்னீங்க?"

நான் துண்டால் முகக்கரியைத் துடைத்தேன்.

"இன்னொருக்காச் சொல்லுங்க, பாக்கலாம்" என்றீர்கள். அப்புறம் அந்தச் சிரிப்பு வந்தது. பந்தலில் கேட்ட அதேதான். அதில் என்னைக் குத்துவதற்கு ஒன்றுமே இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. உள்ளே கட்டிலில் மாமனார் பாதி வாயால் சிரித்துக்கொண்டிருந்தார்.

எஞ்சின் மாற்றியதைப் பதியப் போன பாலக்காட்டு ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைச் சுற்றிப் பார்த்த அதிகாரி, "இது ஆரா செய்தது?" என்று மலையாளத்தில் கேட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்து நான் உங்களைக் காட்டினேன், நீங்கள் என்னைக் காட்டினீர்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

முதல் லோடு தக்காளி ஏற்றிய அன்று மாமனாரை நாம் இருவரும் தூக்கி முன்சீட்டில் நமக்கு நடுவே உட்காரவைத்தோம். வண்டி மெதுவாகத்தான் போனது, சைக்கிள்காரன்கூடத் திரும்பிப் பார்த்துவிட்டு முந்தினான். அவர் வழியெல்லாம் பனைமரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். செக்போஸ்ட் தாண்டியதும் நல்ல கையால் என் தொடையைத் தட்டி, "சத்தம் சாஸ்தி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பரவால்ல" என்றார். அதற்கப்புறம் அவர் இருந்த வருஷங்களில் அந்த வண்டிதான் அந்த வீட்டுக்குச் சோறு போட்டது.

உங்கள் காரியத்தன்று ஒரு விஷயம் நடந்தது. சகலைக்குச் சடங்கில் இடம் கிடையாது. பங்காளியும் இல்லை, மாமன் மச்சானும் இல்லை. "உங்களுக்குத் தீட்டு இல்லீங்க, நீங்க ஊட்டுக்குப் போய்க் குளிச்சுட்டுச் சாப்படலாம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். போனேன், குளித்தேன். சாப்பாடு இறங்கவில்லை. ஏனென்று தெரியாமல் முகச்சவரத்தையும் நிறுத்திவிட்டேன். பதினாறாம் நாள் ஆற்றங்கரையில் உங்கள் பங்காளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் தள்ளி ஒரு கல்லில் இருந்தேன். நாவிதர் என் தாடியைப் பார்த்துவிட்டு, "இவரு என்ன மொறைங்க?" என்று கேட்டார்.

உங்கள் மகன் திரும்பிப் பார்த்தான். "எங்க பெரியப்பாங்க. அவருக்கும் எடுத்துவுடுங்க" என்றான். என்னைக் கைபிடித்துக் கூட்டிவந்து வரிசையில் தனக்குப் பக்கத்தில் உட்காரவைத்தான். ஆற்றுத் தண்ணீர் கன்னத்தில் பட்டபோதுதான் நான் அழுதேன்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் ருக்மணியை உங்கள் வீட்டுக்கு அழைத்து வருகிறேன். அக்காளும் தங்கச்சியும் உள்ளே போய்விட்டால் பேச்சு ஓயாது. என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது, நடுநடுவே சிரிப்புச் சத்தம் வரும். நான் வெளியே நாற்காலியில் இருக்கிறேன். நேரமாகிறது என்று குரல் கொடுப்பதில்லை. எங்கள் ஊர் பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்து, போய்விடுகிறது. போகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.