சக்கரத்தில் தொங்கிய சட்டை

கூட்டாளி,

நேற்று வீட்டில் விளக்கு எரியவில்லை. பழுது பார்க்க வந்த ஆள் ஏணி போட்டு மேலே ஏறினான். நான் சட்டையைக் கழற்றி மெயின் சுவிட்சின் மேல் மாட்டிவிட்டு, அதன் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். "என்ன தாத்தா, வெக்கையா?" என்று பேத்தி சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும். எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் இதை எழுதுகிறாள்.

நம் செம்பனை எண்ணெய் ஆலையில் இரண்டு பாய்லர். காட்டை அழித்துத் தோட்டம் போட்ட காலத்தில் ஆற்று வழியாக வந்தவை. நம் அப்பன்மார்தான் சேற்றில் கட்டை போட்டு உருட்டி மேலே ஏற்றினார்கள். அதை இழுத்த என் அப்பாவுக்குக் கடைசிவரை இடுப்பு நிமிரவில்லை.

ஒன்று எரியும்போது மற்றதை ஆறப்போட்டு, ஆள் உள்ளே படுத்து ஊர்ந்து போய், இரும்பில் படிந்த உப்பை உளியால் கொத்த வேண்டும். இரண்டுக்கும் நடுவே நீராவிக் குழாய், அதை மூடித் திறக்க ஒரு சக்கரம். யாராவது திருப்பினால் உள்ளே இருப்பவன் வெந்துபோவான். அதனால் போகிறவன் தன் சட்டையைச் சக்கரத்தில் மாட்டுவான். அவனேதான் வந்து எடுக்க வேண்டும், வேறு கை படக்கூடாது. எந்தத் துரை போட்ட சட்டமும் இல்லை. நாமாக வைத்துக்கொண்டது.

அன்று உள்ளே எனக்கு மயக்கம். கொத்தும் சத்தம் நின்றுவிட்டது. வெளியே நடந்ததைப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டேன். தோட்டத்து வெளிக்காட்டு வேலையிலிருந்து புதிதாக மேற்பார்வைக்கு வந்த மண்டோர், சக்கரத்தைத் திறந்தால் நீராவி கூடும் என்று நினைத்து, பக்கத்தில் நின்ற உன்னிடம் சொல்லியிருக்கிறார்.

"பழம் அழுகுது, தொறந்து விடு லா."

"உள்ள ஆள் இருக்கு, மண்டோரே."

"கூப்பிட்டுப் பாத்தேன், சத்தமே காணோம். சாப்பிடப் போயிருப்பான்."

"சட்டை இருக்கே."

"சட்டையா வேலை செய்யுது? எடுத்துப் போடு!"

"அவன் வந்து எடுக்கட்டும்."

அவர் பிடுங்க வர, நீ சக்கரத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாய். எரியும் பாய்லரின் சூடு குழாய் வழியாக அதில் ஏறியிருந்தது. விட்டால் அவர் திருப்பிவிடுவார். கத்திக் கத்தி ஆள் கூப்பிட்டாயாம். அவர்கள் வந்து என் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போடும்வரை நீ கையை எடுக்கவில்லை.

கண் விழித்தபோது உன் உள்ளங்கைத் தோல் உரிந்து கிடந்தது. நான் அழுதேன். "உன் சட்டை நாத்தம் ஊரையே தூக்குது, அதான் மூடிப் பிடிச்சேன்" என்றாய். அந்த மாதமே உன்னை ஆலையிலிருந்து வெளிக்காட்டு வேலைக்கு மாற்றினார்கள்.

போன மாதம் சுங்கை சோவில் உன் மகன் வீட்டில் உன்னைப் பார்த்தேன். கையைத் திருப்பிப் பார்த்தேன். தழும்பு அப்படியே இருந்தது.

அன்று மாலை மின்மயானத்தில் இரும்புக் கதவுக்குள் உன்னைத் தள்ளினார்கள். ஒருவன் சுவிட்சில் கை வைத்தான். என் கை தானாகச் சட்டையைக் கழற்றப் போனது. "என்ன பெரியப்பா?" என்று உன் மகன் பிடித்துக்கொண்டான். மாட்டினால் நீ வந்து எடுக்க வேண்டுமே, கூட்டாளி. நீ வரமாட்டாய். சட்டைப் பொத்தானை மறுபடி பூட்டிக்கொண்டேன்.

நேற்று வந்தவன் வேலை முடித்து இறங்கினான். அவனுடைய இரண்டு காலும் தரையில் பட்டதைப் பார்த்த பிறகுதான் எழுந்து போய் என் சட்டையை எடுத்தேன்.