செபாஸ்தியம்மாள் செய்த மோர் ஜக்கு

சின்னாளபட்டி

அன்பு மகள் வினிதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, தறி மூவரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தி தாமரையும் அந்த டென்மார்க் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கப் பழனி முருகன் துணையிருக்கட்டும். போன் இருக்கும்போது அப்பாவுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், பக்கத்திலேயே உன் மாமியார் உட்கார்ந்திருக்கிறார், அப்புறம் நான் மழை பெய்ததா வெயில் அடித்ததா என்றுதான் பேச வேண்டியிருக்கிறது. ஆத்தூர்ப் பக்கம் மழை நல்ல மழைதான். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, எண்ணெய் தேய்த்துவிட நான் பக்கத்தில் இருந்தால் மட்டும் கூடிவிடுகிறது.

நீ அழுதுகொண்டே அம்மாவிடம் சொன்னதை அவள் என்னிடம் சொல்லிவிட்டாள். தாமரை எதற்கெடுத்தாலும் இடது கையை நீட்டுகிறாள் என்று சம்பந்தியம்மா அந்தக் கையைக் கர்ச்சீப்பால் நாற்காலியோடு கட்டிவைக்கிறாராம், பிள்ளை படம் வரைவதையே விட்டுவிட்டாளாம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பெரியவரை எதிர்த்துப் பேசு என்று உனக்குச் சொல்லவும் வாய் வரவில்லை. இந்த யோசனையில் இருக்கும்போதுதான் திண்டுக்கல்லிலிருந்து பிராங்கிளின் என்று ஒருவர் நம் வீட்டைத் தேடி வந்தார், உங்கள் வீட்டில் பழைய பீங்கான் ஜக்கு ஒன்று இருக்குமே, பார்க்கலாமா என்று கேட்டார்.

நம் மோர் ஜக்குதான். புளியம்பழ ஓட்டு நிறத்தில், கைப்பிடி பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் கரண்டிக் காம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அது. வலது கையில் பிடித்தால் மூக்கு வெளிப்பக்கம் பார்க்கும், மணிக்கட்டை முறுக்கி ஊற்றினால் மோர் டம்ளருக்குப் போகாமல் பக்கத்தில் இருப்பவர் மடிக்குப் போகும். என் கல்யாணத்தில் உன் தாய்மாமா வேட்டியை நனைத்த ஜக்கு. செய்யத் தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று நாமும் அதில் கரண்டிகளைப் போட்டு வைத்திருந்தோம். போன லீவுக்கு வந்தபோது தாமரை மட்டும் அதை எடுத்து எல்லோருக்கும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றினாள். பிள்ளையின் கைராசி என்று சிரித்தோமே தவிர, யாருக்காவது உறைத்ததா?

பிராங்கிளின் ஜக்கைக் கவிழ்த்து அடியில் கீறியிருந்த ‘செ’ என்ற எழுத்தைத் தடவிப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது. செய்தது அவர் அம்மா செபாஸ்தியம்மாள். ஐம்பதுகளில் ஆத்தூர்ப் பக்கம் ஒரு சின்னப் பயிற்சிக்கூடத்தில் பீங்கான் வேலை கற்றுக்கொண்டவராம். இடது கைக்காரர். மண்ணை இடது கையால் அழுத்தினால் மற்றவர்கள் சுற்றுகிற பக்கம் சக்கரம் சுற்றினால் ஒத்துவராது, கையை மாற்று, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். இருபது வயசுப் பெண் எழுந்து நின்று, “சக்கரத்த வேணா எதிர்ப்பக்கம் மிதிச்சுக்கிறேன் சார். கைய மாத்த மாட்டேன்” என்று சொல்லியிருக்கிறார். சொன்னபடியே கடைசி வரைக்கும் சக்கரத்தை எதிர்ப்பக்கமே மிதித்திருக்கிறார். ஜக்குக்குள்ளே விரல் ஓடிய கோடு மற்றப் பானைகளுக்கு எதிர்த்திசையில் சுற்றுவதைப் பிராங்கிளின் டார்ச் அடித்துக் காட்டினார். எத்தனை தடவை கழுவியிருப்போம், ஒருநாள் உள்ளே பார்த்தோமா! ஓரம் அவ்வளவு மெல்லிசு, ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு விரிசல் இல்லை. பூவும் கொடியும் இல்லாமல், பளபளப்புப் பூச்சு அடியில் ஒரு விரல் அகலம் விட்டு நிற்கிற அழகே போதும். என்ன பொம்பளை அவர், நான் தறிக்காரன் எழுந்து கும்பிட்டேன்.

தன் கைக்கென்று செய்த அந்த ஜக்கைத்தான், தன் கல்யாணத்துக்கு மறுநாள் கட்டிக்கொள்ள நல்ல சுங்குடிச் சேலை நெய்து தந்தவர் என்று என் அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறார். இப்போது பெங்களூரிலும் வெளிநாட்டிலும் அவர் செய்ததைத் தேடி வாங்கிக் கண்ணாடிக்குள் பூட்டி வைக்கிறார்களாம். கண்காட்சிக்குத் தாருங்கள் என்று பிராங்கிளினும் கேட்டார். நான் தாமரை விஷயத்தைச் சொன்னேன். ஜக்கை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, போட்டோ போதும், எங்கம்மா இருந்திருந்தால் அவரே பிள்ளைக்கு அனுப்பியிருப்பார் என்றார்.

ஆகவே அல் அமீன் கையில் கொடுத்துவிடுகிறேன், உங்கள் ஊரில் வேலை பார்க்கிறாரே, நம் தெருக்காரர். அம்மா தன் பழைய சேலையில் சுற்றிக் கட்டியிருக்கிறாள், இந்தக் கடிதம் ஜக்குக்குள்ளேயே இருக்கும். நீ சம்பந்தியம்மாவிடம் சண்டை போடாதே, அவரும் பிள்ளை மேல் பாசத்தில்தான் செய்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜக்கில் பாதிக்கு மோர் எடுத்து, மரியாதையாக அவரையே முதலில் ஊற்றச் சொல். மாப்பிள்ளையை நல்ல பேன்ட் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டாம் என்று மட்டும் சொல்லிவை. அப்புறம் கர்ச்சீப்பை அவிழ்த்து ஜக்கைத் தாமரையிடம் கொடு. யாரும் எதுவும் பேச வேண்டியிருக்காது.

உங்கள் எல்லோருக்கும், சம்பந்தியம்மாவுக்கும் சேர்த்து, எங்கள் ஆசீர்வாதம். காதில் பஞ்சு வைக்காமல் வெளியே போகாதே. ஜக்கை அலமாரியில் ஏற்றாதே, தினமும் தாமரையே ஊற்றட்டும். கைதவறி உடைந்தால் உடைந்துவிட்டுப் போகட்டும், பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லாதே. அந்தக் கை மட்டும் இனி கட்டுப்பட்டுக் கிடக்கக் கூடாது.

உன் அப்பா,
தங்கமுத்து