இடது கையில் ஒட்டிய பஞ்சு

என்னங்க,

இதை உங்கள் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போகிறேன். நேரில் கேட்டால், "சந்தேகப் பிராணிடி நீ" என்று சிரித்தே மழுப்பிவிடுவீர்கள்.

தடுப்பூசி போடாதவர்களுக்கு வேலை இல்லை என்று உங்கள் கம்பெனியில் சொன்னதும், சூப்பர்வைசர் தனக்குத் தெரிந்த இடத்துக்கு அழைத்துப் போனாராம். நல்ல மனுஷன். சர்டிபிகேட்டோடு வந்தீர்கள். இடது கையில் பஞ்சு வைத்து பிளாஸ்திரியும் ஒட்டியிருந்தது. ராத்திரி அந்தக் கை மேலேயே ஒருக்களித்துப் படுத்துக் குறட்டை விட்டீர்கள். நான் தூங்கவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் வராண்டாவிலும் கட்டில் போட்டாயிற்று. நர்ஸுகளிலேயே பாதிப் பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். அடுத்த அறையில் உங்கள் அப்பா இருமும்போதெல்லாம், இந்த வீட்டுக்குள் யார் எதைக் கொண்டுவருகிறோம் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

ஊசி போட உட்காருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, "எந்தக் கையால வேலை செய்வீங்க?" என்பதுதான். போட்ட கை இரண்டு நாளைக்கு வலிக்கும், அதனால் மற்றக் கையில் போடுவோம். உங்கள் சூப்பர்வைசர் வலது கைக்காரர், அவருக்கு இடது கையில் போட்டிருப்பார்கள், சரி. நீங்கள் எழுதுவதும் ஸ்பானர் பிடிப்பதும் இடது கையால்தானே?

நாளைக் காலை ஊசி அறையில் எனக்குத்தான் டியூட்டி. வேலைக்குப் போகிற வழியில் வந்துவிடுங்கள். பயமாக இருந்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். எந்தக் கை என்று நான் கேட்க மாட்டேன்.

உங்கள்
சந்தேகப் பிராணி